ஐந்தாம் பந்தி

பஹ்மி ஐந்து என்று இலக்கம் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்தார். விரலை எடுப்பதற்குள் கம்பியூட்டர் அணைந்துவிட்டது. பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தானாகவே எழும்பி, நீல வெளிச்சத்தில் அவரை வரவேற்றது.

இது மூன்றாவது தடவை.

"றிஸானா, கரண்ட் போச்சா?"

"இல்லயே. ரைஸ் குக்கர் வேல செய்யுது. ஒங்கட மெஷின் மட்டுந்தான் போயீக்கும்" என்றாள் மனைவி.

போனது மெஷின் மட்டுமல்ல. நாலு பந்திக் கடிதமும் போய்விட்டது. ஒரு கடிதத்தை எழுதி முடித்துத்தான் சேவ் பண்ண வேண்டும் என்பது பஹ்மியின் கொள்கை. மாநகர சபையில் முப்பத்தொரு வருஷம் எழுதுவினைஞராக இருந்தவர். பாதிக் கடிதத்தைக் கோப்பில் போடும் பழக்கம் அவருக்கு இல்லை.

வியாழக்கிழமை உம்ராவுக்குப் பயணம். பயணம் போகிறவர் அதற்கு முன் யார் மனதையாவது நோகடித்திருந்தால் அவரிடம் மாப் கேட்டுவிட வேண்டும். இரண்டு வாரமாக பஹ்மி கட்டுகஸ்தோட்டை முழுக்க மாப் கேட்டுத் திரிந்தார். மீன்காரரிடமும் கேட்டாயிற்று. எதற்கென்று விளங்காமலே அவர் மாப் செய்துவிட்டு, "நல்ல கெளவல்லா ஈக்குது, வெட்டவா?" என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள். கூடப் பிறந்த அண்ணன், மக்கீன் நானா. ஹுன்னஸ்கிரியவில் கடை வைத்திருந்தவர். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் பதினொரு வருஷம்.

உம்மா மவுத்தான அன்று பஹ்மி ஏதோ ஒரு பயிற்சி வகுப்புக்காக நுவரெலியாவில் இருந்தார். செய்தி கேட்டு ஓடி வந்தவரைப் புசல்லாவையில் மண்சரிவு மறித்தது. மழையில் நாலு மணித்தியாலம் பஸ்ஸுக்குள் குந்தியிருந்து, ஹுன்னஸ்கிரிய பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்தபோது அந்தி மஃரிபுத் தொழுகை முடிந்திருந்தது. உம்மாவை அஸர் தொழுகையோடு, பின்னேரமே அடக்கிவிட்டார்கள். நானாதான் முன்னுக்கு நின்று அடக்கினார். பஹ்மி பள்ளிவாசல் கேட்டில், ஊரே பார்த்திருக்க, "நீ எனக்கு நானாவே இல்ல" என்று சொல்லிவிட்டு, சேற்றுச் சப்பாத்தோடு அப்படியே திரும்பிவிட்டார்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம்.

"ஒரு கோல் எடுத்தா முடிஞ்சுதே" என்றாள் றிஸானா. "பஸ்லினாட நம்பர் எனக்கிட்ட ஈக்குது." பஸ்லினா நானாவின் மகள். பெண்கள் இரண்டு பேரும் சில வருஷமாக வாட்ஸ்அப்பில் பெருநாள் வாழ்த்தும் வட்டிலப்பப் படமும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"கோல்ல கேக்குற விஷயமா இது? எழுத்துல போகணும்."

எழுத்து என்றால் பஹ்மிக்கு ஒரே ஒரு எழுத்துத்தான் தெரியும். மேலே திகதி. அதற்குக் கீழே 'விடயம்: உம்ரா பிரயாணம் தொடர்பாக.' ஒன்றாம் பந்தி ஸலாமும் சுகநலமும். இரண்டாம் பந்தி பிரயாண விபரம். மூன்றாம் பந்தி, 'மேற்படி ஜனாஸா தொடர்பில் தங்களால் மேற்கொள்ளப்பட்ட அவசரம்.' நான்காம் பந்தி, அந்த அவசரத்தால் கீழ்க் கையொப்பமிடுபவருக்கு ஏற்பட்ட மனவேதனை. ஐந்தாம் பந்தியில் மாப். முறையோடு எழுதினால் ஐந்தாம் பந்திக்கு வர இருபது நிமிஷம் எடுக்கும். கம்பியூட்டருக்கும் இருபது நிமிஷம்தான் ஆயுள்.

"தூசு பூந்தீக்கும்" என்றாள் றிஸானா.

பஹ்மி அவளுடைய ஹெயார் டிரையரை எடுத்துப் பெட்டியின் பின்பக்க ஓட்டையில் வைத்து நன்றாக ஊதினார். வெளியே இருந்த தூசெல்லாம் உள்ளே போனது. அதன் பிறகு கம்பியூட்டர் பதினைந்து நிமிஷத்தில் அணையத் தொடங்கியது.

பதினைந்து நிமிஷத்துக்குள் ஐந்து பந்தி எழுத முடியாது. ஆகவே பஹ்மி சுகநலத்தை வெட்டினார். அப்படியும் மனவேதனையில் வந்து நின்றது.

மதில் ஓரமாகப் பக்கத்து வீட்டுப் பொன்னையா எட்டிப் பார்த்தார். அவரும் மாநகர சபையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான், தண்ணீர்ப் பகுதி.

"என்ன சார், காலையில இருந்து ஒரே சத்தமா இருக்கு?"

"தானா நின்டு தானா எழும்புது, பொன்னையா."

"அது சூடு சார். நம்ம பம்ப் ஹவுஸ் மோட்டர் மாதிரித்தான். மூடியக் கழட்டிப்புட்டு நேரா ஒரு ஃபேன வச்சு விடுங்க, சும்மா ஐஸ் மாதிரி ஓடும் பாருங்க."

மூடியைக் கழற்றினார்கள். மேசை ஃபேனைக் கொண்டுவந்து அதே எக்ஸ்டென்ஷன் வயரில் குத்தினார்கள். ஃபேன் ஒன்றில் சுற்றியபோது கம்பியூட்டர் ஓடியது. பொன்னையா மூன்றுக்குத் திருப்பினார். வயர் பிளக்கில் ஒரு தடவை 'சிட்' என்று கேட்டு, கம்பியூட்டர் நின்று எழும்பியது.

"மூனு வேணாம் சார், ரெண்டுல வைப்போம்" என்று பொன்னையா சொல்லிவிட்டு, வீட்டில் பால் அடுப்பில் இருப்பது ஞாபகம் வந்தவராகப் போய்விட்டார்.

இப்போது ஏழு நிமிஷம். பஹ்மி உம்ரா விபரத்தையும் வெட்டினார். பிறகு 'விடயம்' போனது. 'தங்களால் மேற்கொள்ளப்பட்ட' போனது. நேரம் குறையக் குறையக் கடிதத்தில் இருந்த அலுவலகம் கழன்று விழுந்தது. ஆறாவது கடிதத்தில், 'அஸரோட அடக்கின நீங்க, மஃரிபு வரைக்கும் காத்திருந்தா என்ன கொறஞ்சு போயீக்கும்?' என்று எழுதியிருந்தார். எட்டாவதில் 'நீங்க' என்பது 'நீ' ஆகிவிட்டது. ஒன்பதாவது கடிதத்துக்குக் கம்பியூட்டர் கொடுத்தது மூன்றே நிமிஷம். அதில் 'அன்புள்ள நானா' என்பதற்குக் கீழே இரண்டு வரி மட்டும் இருந்தது. 'உம்மாட முகத்தக் கடைசியா நான் பாக்கல்ல. அத என்கிட்ட இருந்து எடுத்தது நீதான்.'

அதை எழுதிவிட்டு பஹ்மி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு எனக்குள் இருந்ததா என்று நினைத்தார். அழித்துவிடலாம் என்று கையை வைத்தார். அந்த உதவியைக் கம்பியூட்டரே செய்தது.

மாப் இன்னும் எழுதப்படவில்லை.

கடைசியில் டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் அம்ஜத்தை வரவழைத்தார்கள். அம்ஜத் சிங்கள மீடியத்தில் படித்தவர். தமிழ் நன்றாகக் கதைப்பார், எழுத்துக் கூட்டத்தான் வராது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அங்கிள், இதுக்குள்ள யாரு பஞ்சு அடச்ச?"

"தூசுதான்."

"உள்ளுக்கு ஈக்கிற சின்ன ஃபேன் சுத்தவே இல்ல. அதுதான் சூடாகி ரீஸ்டார்ட் ஆகுது. அரை மணித்தியாலம் தாங்க."

அந்த அரை மணித்தியாலத்தில் பஹ்மி லுஹர் தொழப் போனார். தொழுதுவிட்டு வந்தபோது கம்பியூட்டர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. றிஸானாவின் முகம் பெருநாள் போல இருந்தது.

"ஒங்கட கடிதம் ஒன்னும் அழியல்ல" என்றாள். "ஒம்பதும் அப்பிடியே ஈக்குதாம்."

"மெஷின் தானா ஒரு கொப்பி எடுத்து வைக்கும், அங்கிள்" என்றார் அம்ஜத். "எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டேன்."

"எங்க குடுத்த?"

"அனுப்பியாச்சு" என்றாள் றிஸானா. "என்ட வாட்ஸ்அப்ல இருந்து பஸ்லினாக்கு. எது சரியான கடிதமெண்டு அம்ஜத் கேட்டாரு. மாப் கேக்குறதுதானே, கூடினாலும் நன்மைதானேன்டு ஒம்பதையும் போடச் சொன்னேன்."

பஹ்மி கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

"நீ வாசிச்சுப் பாக்கல்லயா?"

"நானா தம்பிக்கு நடுவுல நான் எனத்துக்கு வாசிக்கிற?"

"அம்ஜத், அத அழிக்க ஏலாதா?"

"ஏலும் அங்கிள், லேசு" என்று அம்ஜத் போனை வாங்கி, ஒன்பதையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தெரிவுசெய்து, அழி என்பதை அமுக்கினார். பிறகு அவர் முகம் மாறியது. "எங்கட பக்கம் மட்டும் அழிஞ்சிட்டு போல. அங்க ஈக்கும்."

அடுத்த நாள் காலையில் பஹ்மி குட்செட் பஸ் ஸ்டாண்டில் மஹியங்கனை பஸ் ஏறினார். ஜன்னல் பக்கம் ஆசனம் கிடைத்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. நானாவிடம் என்ன சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தார். ஒன்றாம் பந்தி ஸலாம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒன்பது கடிதம் எழுதியவர், ஒன்றிலாவது மாப்பை முதலாம் பந்தியில் வைத்திருக்கலாம். இருபது நிமிஷம் என்ன, அதற்கு ஒரு நிமிஷமே போதும். முப்பத்தொரு வருஷமாக மற்றவர்களின் விண்ணப்பங்களை, முறைப்படி இல்லை என்று திருப்பி அனுப்பியவருக்கு இது இப்போதுதான் உறைத்தது.

நானா வாசலில் நின்றிருந்தார். பதினொரு வருஷத்தில் ஆள் ஒரு சுற்று சுருங்கியிருந்தார். கண்ணாடியின் கனம் கூடியிருந்தது.

"வந்தியா" என்றார். "உள்ளுக்கு வா. சப்பாத்தக் கழட்டாத, நெலம் சரியான குளிர்."

மதினி பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நானா பஸ்லினாவின் போனை எடுத்து நீட்டினார்.

"நேத்து ஒன்ட ஊட்டுல இருந்து ஒம்பது வந்துச்சுடா. எனத்த இது? கோழி கெளறின மாதிரி ஈக்குது."

பஹ்மி போனை வாங்கிப் பார்த்தார். 'md;Gs;s ehdh' என்றிருந்தது. அதற்குக் கீழேயும் இப்படித்தான், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் பத்துத் தடவை சொன்னார். மாநகர சபைக் கந்தோர் பழக்கத்தில் எல்லாவற்றையும் பாமினியில்தான் அடித்திருந்தார்.

"இது பாமினி ஃபொன்ட் நானா. அந்த ஃபொன்ட் ஈக்கிற கம்பியூட்டர்லதான் தமிழாத் தெரியும். போன்ல இப்பிடித்தான் பொரிச்ச அப்பளம் மாதிரி நொறுங்கிப் போகும்."

"அப்பிடியா? நான் வைரஸாக்கும்ன்டு நெனச்சேன்." நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப எனத்த எழுதியீந்த?"

பஹ்மி கருப்பட்டித் துண்டைப் பார்த்தபடி சொன்னார், "மாப் கேட்டுத்தான். உம்ராக்குப் போறேன்."

"ஒம்பதுலயுமா?"

"ஒம்பதுலயும்."

நானா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "ஒன்னு போதும்டா" என்றார்.

இனித் தட்டச்சு இல்லை, இலக்கம் இல்லை. பஹ்மி எழும்பிப்போய் நானாவின் கையைப் பிடித்தார். "அண்டைக்குப் பள்ளிவாசல்ல எல்லாரும் பாக்க நீ நானாவே இல்லண்டு சொன்னேன். அதுக்கு மாப் செய்ங்க."

"செஞ்சாச்சு. இரு."

நானா பிடித்த கையை விடவில்லை. "நீயும் என்னய மாப் செய்யணும். அண்டைக்குக் கபுர்ல தண்ணி ஊறிக்கொண்டே ஈந்திச்சு. ரெண்டு தரம் எறச்சோம். மூனாந்தரம் ஊறினா உம்மாவத் தண்ணிக்குள்ளதான் வைக்கணும்ன்டு சொன்னாங்க. அதுதான் அவசரம். அத நான் ஒனக்குச் சொல்லவும் இல்ல, நீ கேக்க நிக்கவும் இல்ல. ஆனாலும் ஒனக்கு உம்மாட கடைசி முகம் இல்லாமப் போச்சு. அது என்ட கழுத்துலதான்."

கடிதத்தை வாசிக்காமலே நானா அதற்குப் பதில் சொல்லிவிட்டார், கூடப் பிறந்தவர் என்றால் இதுதான் போல, என்று பஹ்மி நினைத்தார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதினொரு வருஷம் மிஞ்சியிருக்கும்.

இரண்டு பேரும் பகல் சோறு சாப்பிட்டார்கள். நானா பலாக்காய்க் கறியை இரண்டாம் தடவையும் அவர் பீங்கானில் போட்டார். போகும்போது வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு வருவதாகச் சொன்னார். வர வேண்டாம் என்று பஹ்மி மறுத்தார். வருவேன் என்று நானா ஏசினார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு நானாவிடம் வாங்கிய முதல் ஏச்சு அது. சுகமாக இருந்தது.

பஸ் நிற்பாட்டும் இடம் வரைக்கும் பஸ்லினா குடை பிடித்துக்கொண்டு கூட வந்தாள். கடைசியாக அவளைப் பார்த்தபோது பத்து வயது. இப்போது குடையை அவள்தான் உயர்த்திப் பிடித்தாள்.

மனம் லேசானதில் பஹ்மிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்ல வேலை மகள், ஃபொன்ட் இல்லாமப் போச்சு. சாச்சா அதுல கொஞ்சம் கோவமாத்தான் எழுதியீந்தேன். வாப்பா வாசிச்சீந்தா இண்டைக்கு எனக்குச் சோறு இல்ல."

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. பஸ்லினா அதைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"கடைய மூடின ஆறு வருஷமா வாப்பா தெல்தெனியவில ஒரு பிரஸ்ஸில பாமினிலதானே சாச்சா கலியாணக் காட் அடிக்கிறாரு, அவருக்கு ஃபொன்ட் தேவையில்ல, அந்த இங்கிலீஷ் எழுத்தே தமிழாத் தெரியும், நேத்து ஒம்பதையும் எங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டு, கடைசி ரெண்டு வரிய மட்டும் திரும்பத் திரும்ப வாசிச்சிட்டு ஈந்தாரு."