சர்வரில் விழுந்த ஒரு வரி

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நேற்று மாலை செய்த காரியம் அவனுக்கு ஞாபகம் வந்தது.

விடுதி அறைகளை முன்பதிவு செய்கிற மென்பொருளை எழுதுகிற ஆபீஸ் அது. தங்குவதை இரவுக் கணக்கில் எண்ண வேண்டும் என்பது அவன் கட்சி. பகல் கணக்கில்தான் என்பது டீம் லீடின் கட்சி. டீம் லீட் அவனுடைய சொந்த மனைவி. ஆகவே சொன்னபடியே மாற்றினான். மாற்றத்தோடு சேர்த்துப் போடவேண்டிய கமிட் குறிப்பில் மட்டும் எரிச்சலைக் கொட்டிவிட்டான்: 'லீட் சொன்னதால் பகலாக மாற்றினேன். தப்பு. சொன்னால் கேட்கிற ஜென்மம் இல்லை. வீட்டிலும் இதே கதைதான்.'

அப்புறம் அழித்துவிடலாம் என்றுதான் எழுதினான். கோபத்தில் விரல் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் பார்க்கிற பொது சர்வருக்கே அனுப்பிவிட்டது.

மனைவி அவனுக்கு முன்னாலேயே வந்து, கஸ்டமர் மீட்டிங்கில் இருந்தாள். இந்த வரியைப் படித்தால் சண்டை போடமாட்டாள். பேசவே மாட்டாள். போன தடவை அவள் பேசாமல் இருந்தபோது அவன் டிவியோடு பேசிக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் கம்ப்யூட்டரில் குறிப்பைத் திருத்தினான். 'லீடின் சிறந்த ஆலோசனைப்படி மாற்றினேன்.' அனுப்பினான்.

சர்வர் வாங்க மறுத்தது. உன்னிடம் இல்லாத வேலை என்னிடம் இருக்கிறது, முதலில் அதை எடுத்துக்கொள் என்றது.

"எனக்கே பாடமா?" என்று ஃபோர்ஸ் புஷ் கொடுத்தான். சர்வரில் இருப்பதை நசுக்கிவிட்டு நம்முடையதை உட்கார வைக்கிற கட்டளை அது. உட்கார்ந்தது.

காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், பழைய வரி அதே இடத்தில் இளித்துக்கொண்டிருந்தது.

"யாருய்யா இதைத் திரும்பக் கொண்டுவந்தது?"

"நான்தான் என் வேலையை அனுப்பினேன்," என்றான் பக்கத்து சீட் தாடிக்காரன். "காலையில எடுத்த பழைய நகலோட சேர்த்துப் போயிருக்கும். நடுவுல இன்னும் ஏதேதோ இருக்கே, பார்த்தியா?"

"பார்க்கிறதுக்கு நேரமில்லை." மறுபடியும் ஃபோர்ஸ் புஷ்.

"டேய், என் வேலையும் போச்சே!"

"உனக்கென்னடா, நீ திறமைசாலி, திரும்ப எழுதிடுவே. எல்லாரும் கேளுங்க! உங்ககிட்ட இருக்கிற பழைய ஃபோல்டரை அடியோட அழிச்சிட்டுப் புதுசா எடுத்துக்குங்க. அவசரம்!"

மென்பொருளில் தப்பு தேடுகிற டெஸ்டர் பெண் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நிஜமாவே அழிக்கணுமா அண்ணா?"

"தடயமே இருக்கக்கூடாதும்மா."

மிச்சம் மனைவியின் கம்ப்யூட்டர். பாஸ்வேர்ட் அவனுக்குத் தெரியும், வீட்டில் அவளுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன் அவன்தானே. அங்கேயும் பழைய ஃபோல்டரைத் துடைத்தெடுத்தான். வேலை சுத்தம் என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

மீட்டிங் முடிந்து மனைவி வந்தாள். வழக்கத்துக்கு மாறாக முகத்தில் ஒரு கூச்சம்.

"பார்த்தீங்களா?" என்றாள் மெதுவாக.

"எதை மேடம்? சர்வர்ல அப்படி ஒண்ணுமே இல்லையே. வரி வரியா நானே பார்த்துட்டேன்."

அவள் தன் திரையைத் திறந்தாள். மேலும் கீழுமாகத் தேடினாள். பிறகு வாய்கொள்ளாச் சிரிப்போடு நிமிர்ந்தாள்.

"ஆமா, ஒண்ணுமே இல்ல. அப்போ பகல் கணக்கே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, பாட்டை முணுமுணுத்தபடி போனாள்.

அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "எப்படி நம்ம வேலை?"

டெஸ்டர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அண்ணா, காலையில மேடம் உங்க வரிக்கு மேலேயே 'இவர் சொன்னதுதான் சரி, தப்பு என்னோடது, மன்னிச்சுக்கங்க'ன்னு ஒரு கமிட் போட்டிருந்தாங்க. அதை நீங்க ஆசை தீரப் படிச்சுட்டுத்தான் அழிக்கச் சொல்றீங்கன்னு நினைச்சேன்!"