செல்லக்கனி நல்லா இருக்கா

"அக்கா நல்லா இருக்கா, தங்கச்சி. இப்பொ எந்திச்சு நடக்கா" என்று அய்யாத்துரை காவேரியிடம் சொன்னபோது, அவருடைய மனைவி செல்லக்கனியைச் சாயர்புரத்தில் அடக்கம் செய்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஜெப வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், காவேரி வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "அண்ணா, எப்ப வந்தீங்க? அக்கா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எவருக்குத் துணிச்சல் வரும்? அய்யாத்துரைக்கு வரவில்லை.

காரணம் இருந்தது. காவேரியின் கணவன் வெங்கடேசன், ஒரகடத்துக் கார் கம்பெனியில் அய்யாத்துரையோடு ஒரே லைனில் வைப்பர் மோட்டார் பூட்டியவன். வல்லக்கோட்டைப் பக்கத்துக்காரன். செல்லக்கனிக்குக் கிட்னி போன அதே வருஷம் அவனுக்கும் போனது. "எங்க வீட்டுக்காரிக்காகச் சபையா ஜெபம் பண்ணுதோம். அவ தேறி வாரா. நீங்களும் வாங்க" என்று அந்த இரண்டு பேரையும் மாடிப்படி ஏற்றியவரே அய்யாத்துரைதான். முருகனுக்குப் பால்குடம் எடுத்த குடும்பம், செல்லக்கனி தேறுகிறாள் என்ற ஒரே சேதியை நம்பி இங்கே வந்து உட்கார்ந்தது.

இப்போது அவள் போய்விட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? வெங்கடேசன் ஏற்கெனவே டயாலிசிஸ் என்றால் முரண்டு பிடிக்கிறவன். இது தெரிந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான். அப்புறம் அவனையும் மண்ணில் வைக்க வேண்டியதுதான். இதுதான் அய்யாத்துரையின் பயம். இதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளை, விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. சாயர்புரத்தில் பிறந்த வீட்டில் இருந்த செல்லக்கனி போய்விட்டாள் என்று சேதி வந்த அன்று சூப்பர்வைசரிடம் "ஊர்ல அவசரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறியவர் அவர். அடக்கம் முடிந்ததும், மச்சினன் தடுத்தும் கேட்காமல், வந்த வழியே திரும்பிவிட்டார்.

காவேரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்து வழிந்தது.

"நல்லா கீறாங்களாண்ணா?"

"ஆமாம்மா."

"சந்தோசம்ணா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எவ்வளவு சந்தோஷப்படுகிறாள் பார் என்று நினைத்தபடி அய்யாத்துரை செருப்பைக் கழற்றினார்.

பின்னால் பாஸ்டர் கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். ஞானஸ்நானம் எடுத்தபோது, பெயரை மாற்றச் சொன்னவர்களிடம் "பேரை மாத்தினா ஆண்டவருக்கு அட்ரஸ் கொழம்பிரும்" என்று சொன்ன மனிதர் அவர். எதற்கும் கையில் ஒரு பதில் வைத்திருப்பார். அன்று அய்யாத்துரையின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவே இல்லை.

ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அவரவர் வாழ்க்கையில் நடந்ததை எழுந்து நின்று சபைக்குச் சொல்ல வேண்டும். பாஸ்டர் நேராக அய்யாத்துரையைப் பார்த்தார்.

"பிரதர், மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. இங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் அய்யாத்துரை எழுந்தார். ஆனால் பொய்க்கு பிரேக் பிடிக்காது என்பது எழுந்து நின்றவர்களுக்குத்தான் தெரியும். செல்லக்கனி எழுந்தாள். கைத்தாங்கல் இல்லாமல் நடந்தாள். கிணற்றடிக்குப் போய் இரண்டு துணியைக் கும்மித் துவைத்தாள். "நேத்து போன்ல சத்தம் போடுதா. ஒழுங்கா சாப்பிடுதியளா, இல்ல டீயக் குடிச்சிட்டு படுத்திருதியளான்னு ஒரே ஏச்சு" என்று அவர் சொன்னபோது சபையே வாய்விட்டு அழுதது.

அப்போது கீழே பஞ்சர் கடையில் கம்பிரசர் ஓட ஆரம்பித்தது. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. மற்ற வாரங்களில் அந்தக் கம்பிரசரைச் சாத்தானைக் கட்டுவதுபோலக் கட்டி ஜெபிக்கிற அய்யாத்துரை, அன்று அதற்காக மனசார ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே கஷ்டம் டிபன் கேரியரில் ஏறி வந்தது. காவேரி சோறும் வத்தக்குழம்பும் கொண்டுவந்தாள். மறுநாள் வேறு ஒரு வீட்டிலிருந்து தோசை. அதற்கடுத்த நாள் பாஸ்டரம்மா கஞ்சியும் துவையலும். ஆளுக்கொரு நாள் என்று சபை முறைபோட்டுக்கொண்டது போலிருந்தது. கொண்டுவந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போகவும் இல்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அய்யாத்துரை தற்காப்புக்கு இன்னொரு பொய்யைத் தயார் செய்துவைத்திருந்தார். செல்லக்கனியிடம் போனில் பேச வேண்டும் என்று யாராவது கேட்டால், அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, டாக்டர் பேசக் கூடாதென்று சொல்லிவிட்டார் என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று இருமிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, யாருக்கும் அவளிடம் பேச வேண்டும் என்று தோன்றவே இல்லை. பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் காத்திருப்பதைப் போன்ற அவஸ்தை வேறு கிடையாது. கடைசியில் அவராகவே பாஸ்டரிடம் ஆரம்பித்தார்.

"செல்லக்கனிக்குத் தொண்டை கட்டிக்கிட்டு, பாஸ்டர். பேசக் கூடாதாம்."

"செரி பிரதர்."

"நீங்க பேசணும்னு நெனச்சிருப்பிய."

"நீங்க பேசுங்க பிரதர். நாங்க கேக்கறோம்" என்றார் பாஸ்டர். நல்ல மனிதர், விவரம் போதாது என்று அய்யாத்துரை நினைத்துக்கொண்டார்.

அடுத்த இடி காவேரி வழியாக வந்தது. கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறவள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு அவர் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, எங்க வூட்டுக்காரு டயாலிசிஸ் வேணாம்னுகிது. நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

ஷிப்ட் முடிந்து வல்லக்கோட்டைக்குப் போனார். வெங்கடேசன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கால் வீங்கிக் கிடந்தது.

"இன்னாத்துக்குண்ணா போவணும்?" என்றான் திரும்பாமலே. "வாரத்துக்கு ரெண்டு தபா ரத்தத்த கழுவிகினு வந்து, இன்னா ஆவப்போது? எல்லாம் தெரிஞ்சதுதான."

"ஒனக்கு என்னல தெரியும்?" அய்யாத்துரைக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒங்க அக்காவும் இப்படித்தான் சொன்னா. வேண்டாம்னு அழுதா. இப்பொ எப்படி இருக்கா? வாசல் தெளிச்சு கூட்டுதா. போன வாரம் வேதக்கோயிலுக்கு நடந்தே போயிருக்கா. மிஷினுக்குப் போனதுனாலதான."

அடுப்படியில் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. வெங்கடேசன் மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் போல உதடு அசைந்தது. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"செரிண்ணா, போறேன். ஆனா ஒவ்வொரு தபாவும் நீ கூட வரணும். நீ வந்தா நான் வருவேன்."

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அய்யாத்துரை சரியென்று தலையாட்டிவிட்டார். என்ன ஒப்புக்கொண்டோம் என்பது ஆஸ்பத்திரியில் அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டபோதுதான் உறைத்தது. அதே சத்தம். அதே குழாய். குழாயில் ஓடும் அதே சிவப்பு. எழுந்து ஓடிவிடலாம் என்று வந்தது. வெங்கடேசன் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். யார் யாருக்குத் துணைக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

"அக்காவப் பத்தி எதுனா சொல்லுண்ணா. நேரம் போவும்."

சொன்னார். வேறு வழி? கதைகட்டச் சரக்கு தீர்ந்துபோனதும், நிஜமாக நடந்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில், ஆராதனையில் பாட்டு ஆரம்பிக்கச் சொன்னால் அவள் யாரும் எட்டிப்பிடிக்க முடியாத சுருதியில் ஆரம்பித்துவிட்டு, சபையே திணறும்போது தானும் நிறுத்திவிட்டுச் சிரிப்பது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வது. "பனங்கெழங்குன்னா உசிரு அவளுக்கு. நார உரிச்சு வச்சா ஒண்ணு விடாமத் திம்பா. போன தையில நாந்தான் உரிச்சுக் குடுத்தேன். பாதிக்கு மேல முடியலைன்னு சொல்லிட்டா, பாவம். அதான் கடைசியா அவ..."

நிறுத்திவிட்டார். வெங்கடேசன் கண்ணை மூடியிருந்தான். தூங்கிவிட்டான், கேட்டிருக்கமாட்டான் என்று அவருக்குப் பெருமூச்சு வந்தது. தூங்குகிறவன் பிடி எப்படி இவ்வளவு இறுகும் என்று அப்போது அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

இப்படியே வாரங்கள் ஓடின. வெங்கடேசனின் கால் வீக்கம் வற்றியது. அய்யாத்துரைக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அடக்கத்தன்று அவர் அழவில்லை. அதற்கு அப்புறமும் அழவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்காக எப்படி அழுவது? ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில், அவள் தலையணையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா எப்போது வருவாள் என்று யாருமே கேட்காத பதற்றத்தில், அவராகவே "கிறிஸ்மஸுக்கு வந்துருவா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்தார். காவேரி பாட்டுப் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"பிரதர், செல்லக்கனி சிஸ்டர் பேருல உங்க ரூம்ல ஒரு கூட்டம் வெச்சிருவோம். இதுக்கு மேல தள்ள வேணாம்."

"என்ன கூட்டம், பாஸ்டர்?"

"நீங்களே சொல்லுங்க, என்ன கூட்டம்னு." பாஸ்டர் அவர் வாயையே பார்த்தார்.

"ஸ்தோத்திரக் கூட்டம்தான். சுகம் குடுத்ததுக்கு" என்றார் அய்யாத்துரை. அதோடு விட்டாரா என்றால் இல்லை. "லட்டு சொல்லிருதேன்."

"இனிப்பு வேணாம் பிரதர்" என்று பாஸ்டர் அவசரமாகச் சொன்னார். "சாம்பார் சோறு நாங்களே செஞ்சு எடுத்தாறோம். நீங்க வீட்ல இருந்தாப் போதும்."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அய்யாத்துரை ரூமைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார். பரணில் துணி சுற்றி ஒளித்துவைத்திருந்த செல்லக்கனியின் பெரிய போட்டோவை எடுத்தார். கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் போட்டு, மச்சினன் செய்துகொடுத்த படம். அதை இன்னும் உள்ளே தள்ளி மறைப்பதற்காகத்தான் எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் சாவுக்கு அப்புறம் அவர் தனியாக ஜெபம் செய்திருக்கவில்லை. சபையில் வாய் அசையும், அவ்வளவுதான். அன்றுதான் பேசினார்.

"ஆண்டவரே, நீர் செஞ்சது எனக்குப் புடிக்கல. இன்னும் ஆறல. இனி பொய் சொல்லவும் எனக்குத் தெம்பில்ல. இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிருதேன். வெங்கடேசன் சின்னப் பய. அவன் மிஷினுக்குப் போறத நிப்பாட்டாம நீர் பாத்துக்கிடும். அது ஒண்ணு போதும்."

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. போட்டோவைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். தெருமுனையில், கம்பெனி ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று நின்றிருந்தது. சபை ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தது. காவேரி கைகொடுக்க, வெங்கடேசன் படியில் நிதானமாகக் கால் வைத்தான். பாஸ்டர் சோற்று டேக்சாவோடு போராடிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்க்கப் பார்க்க அய்யாத்துரைக்கு எடுத்த முடிவெல்லாம் கரைந்தது. இந்த முகங்களிடம் எப்படிச் சொல்வேன், இன்று ஒருநாள் மட்டும் லட்டு இல்லாமலே சமாளித்துவிட்டால் என்ன என்று மனசு மறுபடி பழைய வழிக்குத் திரும்பியது.

வேன் டிரைவர் நடேசன் எல்லோருக்கும் முன்னால், ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். திண்டாடி நின்ற அய்யாத்துரையைப் பார்த்ததும் நின்றார்.

"நல்லா கீறீங்களா சார்? அன்னிக்கி உங்களாண்ட ஒரு வார்த்த பேச முடில."

"என்னைக்கு?" என்றார் அய்யாத்துரை.

"சாயர்புரத்துல சார். பாஸ்டருக்கு உங்க மச்சான் போன் பண்ணிட்டாரு. உங்க வூட்டம்மாவ அடக்கம் பண்ண அன்னிக்கி இவங்க அத்தினி பேரையும் நான்தான் வேன்ல இட்டாந்தேன். அந்த வெங்கடேசன் மிஷின்லருந்து எறங்கி நேரா வண்டி ஏறி, உங்க முதுகாண்டயே நின்னுகினு மண்ணு போட்டாரு, நீங்கதான் யாரையும் திரும்பிப் பாக்கவே இல்ல."