துருவாசர் வண்டியில் ஈரத்துக்கு இடமில்லை

தண்ணீரை அவ்வளவு தீவிரமாக வெறுத்த மனிதர் பாலைவனத்தில் ஒட்டகங்களுக்கு நடுவே பிறந்திருக்க வேண்டும். ஆண்டவன் கைதவறி அவரைக் கூனிமேட்டில் போட்டுவிட்டான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழுவெளி ஏரி, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம், போதாததற்கு ஐப்பசி பிறந்தால் புயல்.

நான் சொல்வது 2005, 2006 வாக்கில் மரக்காணத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த துருவாசர் பாயைப் பற்றி. அவருடைய சொந்தப் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. கோபத்துக்குப் பேர்போன ஒரு முனிவரின் பெயரைக் கொஞ்சம் திருகி, அதில் ‘துரு’ தெளிவாகக் கேட்கும்படி செய்து அவருக்குச் சூட்டியவர் எங்கள் உப்பு ஆபீஸ் கணக்கர். பாய்க்கு அதில் வருத்தமே இல்லை. “கரெக்டாத்தான் வெச்சிருக்காரு. துருவுக்கு நான்தான் எமன்” என்பார்.

மரக்காணத்தில் துரு பிடிக்காத இரும்பு கிடையாது. ராத்திரி வாசலில் நிறுத்திய சைக்கிளைக் காலையில் எடுக்கப் போனால் பெல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்பார்கள். எங்கள் ஆபீஸ் பீரோவின் கதவு ஒருநாள் கணக்கர் கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் அதற்குச் சாவி தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட ஊரில் பாயின் வேன் மட்டும் கல்யாணப் பெண்போல் பளபளத்தது. அடியில் ஆயில் பூச்சு, மேலே மெழுகு, உள்ளே மெரூன் வெல்வெட் சீட்டு. கையில் எப்போதும் ஒரு பனியன் துணி. பேசிக்கொண்டே வண்டியைத் துடைப்பார். பேச்சு நீண்டால் நாம் சாய்ந்திருக்கும் கம்பத்தையும் துடைத்துவிடுவார்.

“உப்பு தனியா வந்தா சமாளிச்சிடலாம்மா. ஈரம் தனியா வந்தாலும் சமாளிச்சிடலாம். ரெண்டும் கூட்டு சேர்ந்து வந்தா வண்டி காலி!” என்பது அவருடைய தத்துவம். உப்பை எங்களால் ஒழிக்க முடியாது. எங்களுக்குச் சோறு போடுவதே அதுதான். ஆகவே ஈரத்தை ஒழிப்பதென்று அவர் முடிவு செய்திருந்தார்.

அவர் வண்டியில் ஏறுவது விசா வாங்குவது மாதிரி. மழையில் நனைந்தவர்கள் உலரும்வரை வெளியே நிற்க வேண்டும். குழந்தையைத் தூக்கி வந்தால் முதலில் குழந்தையின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாய்க்கு அனுமதி. ஒரு கல்யாணத்தில், புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய பெண் வண்டியில் உட்கார்ந்து விசும்ப ஆரம்பித்தாள். பாய் உடனே எஞ்சினை அணைத்துவிட்டார்.

“ஏம்மா, அழறதுன்னா எறங்கி நல்லா அழுதுட்டு வந்துடு. நான் வெயிட் பண்றேன். சீட்டு வெல்வெட்டு.”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அழ வேண்டும் என்று அவள் எவ்வளவு முயன்றும் முடியவில்லையாம். மாமியார் வீட்டில் அதற்காகக் கோபித்துக்கொண்டார்கள்.

இந்த மனிதரின் வண்டியை அமர்த்திக்கொண்டுதான், 2006 பொங்கல் முடிந்த சமயம், எங்கள் அளத்துப் பெண்கள் தண்ணீரில் விளையாடப் போனார்கள்.

நான் அப்போது உப்பு ஆபீசில் பில் போடும் வேலையில் இருந்தேன். 2004 கடைசியில் சுனாமி வந்த அதிர்ச்சியில் யாருக்கும் எதற்கும் மனசில்லாமல் போயிருந்தது. மழைக்காலம் முடிந்து மறுபடி பாத்தி கட்ட ஆரம்பிக்குமுன், “எங்கியாவது ஒரு நாள் போயிட்டு வாங்க. எங்க போலாம்னு நீங்களே சொல்லுங்க” என்றார் முதலாளி. கோயில், குளம் என்று சிலர் இழுத்தார்கள். அஞ்சலையக்கா எழுந்து, சென்னைக்குப் போகிற வழியில் போர்டு வைத்திருக்கிற அந்த தீம் பார்க்குக்குத்தான் போக வேண்டும் என்றாள். அளத்தில் உப்புக் கூடை தூக்குகிறவர்களில் அவள்தான் மூத்தவள். ஆள் அகலம், குரல் அதைவிட அகலம்.

“கடலு நம்மகிட்ட வெளையாடிட்டுப் பூடுச்சி. நாம ஒரு தபா தண்ணிகிட்ட வெளையாடக் கூடாதா? உப்புத் தண்ணியில நின்னு நின்னு காலெல்லாம் வெடிச்சிக் கெடக்குது. நல்ல தண்ணியில ஒரு நாள் குதிச்சிட்டு வரலாம்.”

அதற்கப்புறம் கோயில் பற்றி யாரும் பேசவில்லை.

விஷயத்தைக் கேட்ட பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. “தண்ணி பார்க்கா? தை மாசக் குளிர்லயா?” என்று மட்டும் கேட்டார். முதலாளியின் வார்த்தையைத் தட்டவும் முடியாது. மறுநாள் அளத்துக்கே வந்து, கூடியிருந்த பெண்களிடம் சட்டம் அறிவித்தார்.

“பார்க்குல எதுல வேணா ஏறுங்க. ஆனா நனையக் கூடாது. நனைஞ்சவங்க என் வண்டில ஏறக் கூடாது. இன்னொண்ணு, யாரும் மாத்துத் துணி கொண்டு வரக் கூடாது. மாத்துத் துணி இருந்தா நனையலாம்னு தோணும்.”

பெண்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள். அந்தப் பணிவைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பனி விலகாத காலையில் கிளம்பினோம். பாய் எல்லாருக்கும் முன்னால் தயாராக நின்றார். சீட்டுகளின் மேல் பாலிதீன் விரித்திருந்தார். உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வழியில் கழனி ஓரம் நீர் இறைத்துக்கொண்டிருந்தால்கூடக் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

பார்க்கில் கூட்டமே இல்லை. அந்தக் குளிரில் தண்ணீரில் இறங்க யாருக்குப் பைத்தியம்? டிரைவர் வண்டியில் தூங்குவார் என்று நினைத்தோம். பாயோ டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கள் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய கட்டு. பிரித்தால், உப்பு மூட்டைக்குள் வைக்கிற பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வொன்றிலும் தலைக்கு ஓர் ஓட்டை, கைக்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தார்.

“போட்டுக்கோங்க.”

போட்டுக்கொண்டார்கள். வரிசையாக நின்றபோது லோடு ஏற்றத் தயாரான சரக்கு மாதிரி இருந்தது. படகில் ஏற்றிவிடுகிற ஊழியன் என்னிடம் ரகசியமாக, “மேடம், இவங்க எதாவது ஆஸ்பத்திரிலருந்து வராங்களா?” என்று கேட்டான்.

முதல் சவாரி, மேலேறிச் சரிவில் சறுக்கிக் குளத்தில் விழுகிற நீளப் படகு. பாய் யாரையும் உடனே ஏறவிடவில்லை. கம்பியோரமாக நின்று, இறங்கி வருகிறவர்களின் சட்டையை எல்லாம் உற்றுப் பார்த்தார். முன்சீட்டு ஆள் சொட்டச் சொட்ட வந்தான். பின்சீட்டு ஆளுக்குத் தோள் மட்டும் ஈரம். ஒல்லியான இரண்டு பேர் போன படகு தண்ணீரைக் கலைக்காமல் மிதந்து வந்தது. அவர்கள் கொண்டுபோன பாப்கார்ன்கூட மொறுமொறுப்பாக இருந்தது. பாய் திரும்பி வந்து பெண்களை ஏற இறங்கப் பார்த்தார். எடை போடுகிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

“முன்னாடி கனம் இருந்தாதான் தண்ணி எகிறுது. மெல்லிசா இருக்கறவங்க முன்னாடி வாங்க. அஞ்சலம்மா, நீங்க கட்டக் கடைசி.”

“ஏன் பாய், நான் இன்னா மூட்டையா?”

“மூட்டைன்னு சொல்லலம்மா. பின்னாடி வெயிட்டு வேணும்னு சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். படகு மேலே போனது, சறுக்கியது, குளத்தில் விழுந்தது. பாயின் கணக்கு அணுவளவும் தப்பவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. பெண்கள் பொட்டுகூடக் கலையாமல் கரை சேர்ந்தார்கள். பாய் வானத்தைப் பார்த்து, “அல்ஹம்துலில்லாஹ்!” என்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இறங்கி வந்தவர்களின் முகங்களையும் பார்த்தேன். சாவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருந்தார்கள்.

அடுத்து வட்டப் படகு. அதிலும் பாய் ஆள்வாரியாக உட்கார வைத்தார். அதிலும் நனையவில்லை. ஒருத்தி மட்டும் கையை வெளியே நீட்டிக் குளத்துத் தண்ணீரைத் தொட்டுவிட்டாள். பாய் அந்த விரலைத் துடைத்துவிட்டார். அவ்வளவுதான், அஞ்சலையக்கா பொங்கிவிட்டாள்.

“இன்னா பாய் இது? காசு குடுத்து தண்ணிய வேடிக்க பாக்கவா வந்தோம்? அத எங்க ஊர்லயே பாத்துக்கினு கெடக்கறோமே!”

“குளிரும்மா. போற வழியெல்லாம் காத்து. காய்ச்சல் வந்தா நாளைக்கு யாரு கூடை தூக்கறது?”

“அத நாங்க பாத்துக்கறோம். உங்க சீட்டுக்குக் காய்ச்சல் வரும்னு சொல்லுங்க!”

பிளாஸ்டிக் உறையைத் தலைவழியே கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய சறுக்கலை நோக்கி நடந்தாள். மற்ற பெண்களும் உறைகளைக் கழற்றிக் கழற்றி அவர் கையில் அடுக்கிவிட்டுப் போனார்கள். இந்த முறை முன்சீட்டில் அஞ்சலையக்கா. அவளுக்குப் பின்னால் கனத்தின் வரிசைப்படி மற்றவர்கள். பாயின் பாடத்தை ஒரு தடவையிலேயே கற்றுக்கொண்டு, அதைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள்.

பாய் பதறிப்போய், படகு விழுகிற இடத்துக்கு எதிரே இருந்த சின்னப் பாலத்துக்கு ஓடினார். “பின்னாடி போங்க! பின்னாடி போங்க!” என்று அங்கிருந்து கத்தினார். பாலத்தில் ஒரு பெரிய போர்டு: ‘இங்கே நிற்பவர்கள் நனைய நேரிடும்.’ அந்தப் போர்டில்தான் அவர் சாய்ந்துகொண்டிருந்தார்.

படகு விழுந்தது. குளம் எழுந்தது. எழுந்த தண்ணீர் ஒரு நொடி அந்தரத்தில் நின்று, எங்கே போகலாம் என்று யோசித்து, மொத்தமாகப் பாலத்தின் மேல் இறங்கியது. அது வடிந்தபோது பாய் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டை, பேன்ட், தொப்பி, மீசை எல்லாம் ஒழுகின. வலது கை மட்டும் தலைக்கு மேலே நீட்டியபடி இருந்தது. அதில் வண்டிச் சாவி.

“சாவி நனையல” என்றார்.

கீழே படகில் தொப்பலாக நனைந்து கிடந்த பெண்கள் அவரைப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு படகே சிரித்தது. அஞ்சலையக்கா சிரித்த சிரிப்பில் படகு மறுபடி ஆடியது. ஊழியன் விசிலை ஊதவும் மறந்து சிரித்தான்.

பாய் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் நேராக வேனுக்குப் போய் வெளியே நின்றுகொண்டார்.

“பாய், உள்ள உக்காருங்க. குளிர்ல நிக்கறீங்களே?”

“நான் நனைஞ்சிருக்கேன்மா. நனைஞ்சவங்க ஏறக் கூடாது.”

“நீங்கதானே டிரைவர்?”

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். காஞ்சதும் கெளம்பலாம். நீங்க போய் வெளையாடுங்க.”

சொல்லிவிட்டு வெயில் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வயிற்றைக் காட்டினார். தை மாத வெயில் வடகம் காயவே போதாது; பாய் எப்படிக் காய்வார்? பெண்களுக்கோ கொண்டாட்டம். அவர் காய்கிறவரை நேரம் இருக்கிறதே! எல்லாச் சறுக்கலிலும் ஏறினார்கள். உச்சியிலிருந்து பெரிய வாளி கவிழ்கிற இடத்தில் கைகோத்து நின்றுகொண்டு, கவிழும்போதெல்லாம் கூவினார்கள். பல்லெல்லாம் தந்தியடித்தது. நானும் நின்றேன். அவ்வளவு குளிர்ந்த தண்ணீரையும் அவ்வளவு சூடான சந்தோஷத்தையும் நான் சேர்ந்தாற்போல் அனுபவித்தது அன்றைக்குத்தான்.

பொழுது சாய ஆரம்பித்தபோது வேனுக்குத் திரும்பினோம். பாய் அரைகுறையாகக் காய்ந்து, நடுங்கிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். “யா அல்லா! எல்லாருமேவா? இப்ப எப்படி வீட்டுக்குப் போறது?”

அஞ்சலையக்கா நிதானமாகப் புளிசாதக் கூடையைத் திறந்தாள். சாதத் தூக்குக்கு அடியில் துணி மூட்டை. மற்றவர்களும் அவரவர் பையின் அடியில் கை விட்டார்கள். புடவை, ஜாக்கெட், துண்டு, ஒருத்தி ஸ்வெட்டர்கூட வைத்திருந்தாள். எனக்கென்றும் ஒரு புடவை எடுத்து வந்திருந்தார்கள். போய் மாற்றிக்கொண்டு, சொட்டு ஈரமில்லாமல் வந்து வரிசையாக நின்றோம்.

“மாத்துத் துணி கொண்டு வரக் கூடாதுன்னு சொன்னேனே?”

“நீங்க சொன்னப்பதான் பாய் எங்களுக்கு ஞாபகமே வந்துச்சி.”

ஆக, அங்கே ஈரமாக இருந்தவர் ஒரே ஒருவர்தான். மாற்றுத் துணி இல்லாதவரும் அவர் ஒருவர்தான். அஞ்சலையக்கா கூடைக்குள் மறுபடி கை விட்டு, மாங்காய்க் கரை போட்ட பச்சைப் புடவை ஒன்றை எடுத்து நீட்டினாள். “ரெண்டாவது தபா நனையணும்னு தோணுச்சின்னா இருக்கட்டும்னு எடுத்தாந்தேன். கட்டிக்கோங்க.”

“நான் போர்த்திக்கறேன். கட்டிக்க மாட்டேன்.”

“போர்த்திக்கினா கீழ சீட்டு நனையுமே?”

அந்த ஒரு வார்த்தை போதும். பாய் ஒரு மறைவுக்குப் போய், பாதியை லுங்கியாகவும் மீதியைத் தோளைச் சுற்றியும் கட்டிக்கொண்டு, மிகுந்த கௌரவத்தோடு வந்து ஸ்டியரிங் பிடித்தார்.

வழியில் ஒரு செக்போஸ்டில் கை காட்டினார்கள். போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, “வண்டிய ஓட்டறது யாரும்மா?” என்றார். பாய் முகத்தைத் திருப்பினார். போலீஸ்காரர் மீசையைப் பார்த்தார், மாங்காய்க் கரையைப் பார்த்தார்.

“என்னய்யா வேஷம் இது?”

“சீட்டு நனைஞ்சிடும் சார். வெல்வெட்டு.”

பின்னாலிருந்து கிளம்பிய சிரிப்பில் போலீஸ்காரர் எதையும் கேட்காமல் அனுப்பிவிட்டார்.

கடப்பாக்கம் தாண்டியதும் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். பாய் வண்டியை மெதுவாக ஓட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: “தெனம் அளத்து ரோட்லதான்மா போறேன் வர்றேன். இவங்க எல்லாரும் தலைல கூடையோட வரிசையாப் போவாங்க. ஒருத்தர் சிரிச்சி நான் பார்த்ததில்ல. இன்னிக்கிதான் பார்த்தேன். என்னப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. போவட்டும்.” சொல்லி முடித்ததும் பலமாக ஒரு தும்மல் போட்டார்.

நனைந்து கூத்தடித்த பெண்களில் ஒருத்திக்கும் ஒன்றும் வரவில்லை. பாய்க்குத்தான் காய்ச்சல். செய்தி தெரிந்ததும் அளத்துப் பெண்கள் வேலை முடிந்து ஒருவர் பின் ஒருவராகக் கூனிமேட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி சுக்குக் கஷாயம், ஒருத்தி நொச்சி இலை, ஒருத்தி நண்டு ரசம். முன்பின் தெரியாத பெண்கள் சொம்பும் தூக்குமாக வாசலில் வரிசை கட்டியதைப் பார்த்து பாயின் பீவி திகைத்துப்போனார். அஞ்சலையக்கா பார்க் கதையைச் சொல்லச் சொல்ல, அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நானும் மிளகு ரசத்தோடு போனேன். அதற்குள் காய்ச்சல் விட்டு, பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். நாளைக்கே வண்டி எடுக்கப் போவதாகச் சொன்னார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதெல்லாம் கூடாது, இன்னும் கொஞ்ச நாள் படுத்திருங்கள் என்று வற்புறுத்தினோம். அவரை வந்து பார்க்க எங்களுக்கு வேறு சாக்கு தெரியவில்லை.