நாற்பத்தோராம் நாள் பலகை

வாசகர்களே, காக்கையைப் போல எந்த ஊரிலும் தவறாமல் காணக்கிடைக்கும் ஓர் இனம் உண்டு. அதற்குப் பலகை மாற்றிகள் என்று பெயர். காலையில் விதையைப் புதைத்துவிட்டு மாலையில் தோண்டிப் பார்ப்பவர்கள். உள்ளே வேர் விட்டிருந்தால்? இலை எங்கே, எடுத்து வீசு!

நம்முடைய ஆள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறார். என்ன கடை என்று கேட்காதீர்கள். எந்த மாதம் என்று கேளுங்கள். முதலில் குடை பழுது பார்த்தார். கைத்திறமைக்குக் குறைவில்லை. ஆனால் கடை திறந்த அன்றே வாசலில் நின்று சாலையின் இரு பக்கமும் பார்த்தார், மறுநாளும் பார்த்தார், கழுத்து வலிக்கும்வரை பார்த்தார், நாற்பதாம் நாள் “இந்த ஊருக்குக் குடை ராசியில்லை” என்று தீர்ப்புச் சொன்னார். நாற்பத்தோராம் நாள் புதுப் பலகை ஏறியது: ‘படங்களுக்குச் சட்டம் போடப்படும்.’

அப்புறம்தான் குடைகள் வர ஆரம்பித்தன.

“அதெல்லாம் விட்டாச்சும்மா” என்பார், ஏதோ சிகரெட்டை விட்டவர் போலப் பெருமையாக.

“குடைக் கடை இருந்தப்ப வந்தது ரெண்டு பேரு. மூடினப்புறம் தேடி வந்தது பதினாலு பேரு” என்றாள் மனைவி.

“பாத்தியா? கடையை மூடினாத்தான் நாலு பேருக்குத் தெரியுது!”

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? சட்டமும் நாற்பது நாளில் போயிற்று. மூன்றாவதாக, பைகளுக்கும் பெட்டிகளுக்கும் ஜிப் மாற்றும் பலகை ஏறியபோது மனைவியின் அண்ணன் வந்தார். கடை அவருடைய இடம்.

“மாப்ளே, இன்னொரு பலகை ஏறுச்சுன்னா சாவி என் கைக்கு வந்துரணும். நம்ம கிடங்குல வந்து மூட்டை எண்ணுங்க.”

மச்சானிடம் கைகட்டி நிற்பதை நினைத்தாலே நம்மவருக்குச் சோறு இறங்காது. இனிப் பலகையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? நாற்பதாம் நாள் வீட்டுக்குத் தெரியாமல் பலகை எழுதுபவரிடம் போய் நின்றார். அந்த மனிதர் பத்தொன்பது வருஷமாக அதே அறையில், அதே முக்காலியில், அதே வேலை பார்ப்பவர்.

“இப்ப முடியாது சார். அடுத்த மாசக் கடைசி ஆகும்.”

“ஒரே ஒரு பலகைப்பா!”

“உங்களுக்கு முன்னாடி பதினோரு பேரு மாத்தச் சொல்லிக் காத்திட்டிருக்காங்களே.”

வேறு வழியில்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பழைய பலகையின் கீழேயே உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டாம் நாள் ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்கி நேராக வந்தாள்.

“தினம் பஸ்ல போறப்ப உங்க பலகையைப் பாப்பேங்க. நேத்துத்தான் ஜிப்பு அறுந்துச்சு.”

அடுத்த வாரம் அவள் அலுவலகமே வந்தது. அதற்கடுத்த வாரம் சுவரில் பை மாட்ட ஆணி போதவில்லை. ஒருநாள் மச்சானே பெட்டியோடு வந்து நின்றார். “ரெண்டு நாள் ஆகும், மச்சான்” என்றார் நம்மவர். அதைச் சொன்னபோது அவருக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே கடை வைக்கலாம்.

இப்போது முடிவெட்டும் கடையில் போர்வைக்குள் இருந்தபடியே உபதேசம் செய்கிறார்: “பொறுமைதாங்க முதல். நாப்பது நாள்ல ஓடறவன்லாம் ஒரு வியாபாரியா?”

பலகை எழுதுபவரிடம் மனைவி முப்பத்தெட்டாம் நாளே போய், “அண்ணே, அவர் வந்தா இழுத்தடிங்க” என்று சொல்லி வைத்தது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் பதினோரு பேரும் சும்மா சொன்ன கணக்கு என்கிறாள் அவள். எனக்கு நம்பிக்கையில்லை. பாதி படிக்கும்போதே பொறுக்காமல் கடைசி வரியை எட்டிப் பார்த்துவிட்டு மேலே போனீர்களே, அந்த வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள்?