நூற்றெட்டுப் புள்ளியும் என் வலது குதிகாலும்

செம்பாக்கம்,
மாசி மாதம், ஞாயிறு காலை

சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தருக்கு, உன் அத்திம்பேர் ஸ்ரீரங்கன் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா நாகலக்ஷ்மியும் க்ஷேமம். அந்த க்ஷேமத்தில் என் வலது குதிகால் சேர்த்தி இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சேலத்தில் நீ சௌக்கியம் என்பது நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

பங்குனியில் குடும்பத்தோடு திருமலைக்குப் படியேறிப் போகிறோம், நீயும் வரியா என்று அக்காவைக் கேட்டாய். அவளோ, "இவர் காலை வெச்சுண்டு நான் எப்படிடா வருவேன்?" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். உடனே நீ, "உங்க குதிகாலால எங்க அக்காவோட வேண்டுதல் நிக்கறது அத்திம்பேர். அவ வராளா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்கோ" என்றாயே, அது எனக்குத் தைத்துவிட்டதப்பா. ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் விஷயமில்லை இது. போனில் சொன்னால் அவள் காதில் விழும், வாட்ஸப்பில் எழுதினால் முதலில் படிப்பவளே அவள்தான், ஆகவே இருபது வருஷத்துக்கு அப்புறம் தபால் உறை வாங்கியிருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

முப்பத்து நாலு வருஷம் பூகோள வாத்தியாராக நின்றே பாடம் நடத்தியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு கால் வலிப்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை. ஆடி மாசம் ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்றினேன், குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. பத்து அடி நடந்தால் கொஞ்சம் தணியும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் ஆணி. ஏரிக்கரையில் என்னோடு நடக்கிற ஏகநாதன், அந்தக் காலத்தில் இந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம், என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கால இஸ்த்துகினு வரீங்க? ஒண்ணும் பேஜாரே இல்ல, செங்கல்ல நல்லா சுடவெச்சு மேல எருக்க இலைய போட்டு மிதிங்க, ஓடிப்பூடும்" என்றார். மிதித்தேன். வலி ஓடவில்லை, நான்தான் ஓடினேன். அதுவும் இடது காலில் மட்டும், ஏனென்றால் வலது காலில் கொப்புளம்.

கடைசியில் தாம்பரத்தில் ஜென்சி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனோம். அவள் என்னை வராந்தாவில் நடக்கவிட்டுப் போனில் படம் பிடித்துக் காட்டினாள். குதிகால் தரையில் படாமல், பாதத்தின் வெளி ஓரத்தில், இடுப்பைச் சாய்த்துக்கொண்டு யாரோ ஒரு கிழவர் போய்க்கொண்டிருந்தார். சட்டையை வைத்துத்தான் நான் என்று கண்டுபிடித்தேன். "வலிக்குப் பயந்து நடையையே மாத்திக்கிட்டீங்க அங்கிள். மாத்திரையை விட எக்சர்சைஸ்தான் இதுக்கு. ஆனா பொறுமை வேணும்" என்றாள். படி விளிம்பில் முன்பாதத்தால் நிற்க வேண்டும், விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும், மூன்று எண்ணுவதற்குள் குதிகாலை மெதுவாகத் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். பன்னிரண்டு தடவை, அப்படி மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

செருப்பா, ஆத்துக்குள்ளயா என்று உன் அக்கா கேட்ட கேள்வி தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பிறகு சமாதானமாகி, கடையிலிருந்து தெருவில் படாமல் பையிலேயே வந்த புதுச் செருப்புக்குத் தண்ணீர் தெளித்து, சமையலறைக்கும் பூஜை அறைக்கும் வராது என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டாள். மூன்றாம் நாள் பேப்பர் எடுக்க ஞாபகப் பிசகாக அதோடு கேட் வரை போய்விட்டேன். அவ்வளவுதான், அது வாசல் செருப்பாகிவிட்டது, வேறு ஜோடி வாங்கினோம். அதை வெள்ளிக்கிழமைதோறும் அவளே கழுவி வைக்கிறாள். விரலுக்கு அடியில் சுருட்டி வைக்க நான் எடுத்த துண்டு, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரிவுபசாரத்தில் போர்த்திய பொன்னாடை என்று தெரிந்தபோது நடந்ததை எழுதாமல் விடுகிறேன்.

எண்ணுவதில் நான் திருடினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். மூன்று என்பதற்குள் மூன்று தடவை ஏறி இறங்கிவிடுவேன். அதைப் பார்த்துவிட்டு உன் அக்கா ஒரு வழி பண்ணினாள். விடியற்காலை அவள் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற நேரத்தில் நான் வாசல்படியில் நிற்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஏறணும், அடுத்த புள்ளிக்கு நிக்கணும், மூணாவதுக்கு இறங்கணும். அவள் நிதானமாகத்தான் வைப்பாள், அவளை அவசரப்படுத்த முடியாது. மொத்தம் கணக்குப் பார்த்தால் நூற்றெட்டுப் புள்ளி! "பாத்தேளா, அந்தப் பொண்ணுக்கே தெரியாம பகவான் போட்ட கணக்கு" என்று அவளுக்குப் பரம சந்தோஷம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாசல் நிறையக் கோலம். போகப் போகப் பாரம் சேர்க்கச் சொன்னாள் ஜென்சி, பழைய அட்லஸ்களை முதுகுப் பையில் போட்டு மாட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு எபி மூன்று நாள் பார்த்துவிட்டு, "சார், ஊருக்குக் கெளம்பிட்டு ஏன் சார் வாசல்லயே நிக்கறீங்க?" என்று கேட்டே விட்டார்.

இனிமேல் எழுதுவதுதான் விஷயம். கல்யாணமான நாளிலிருந்து நான் எங்கே போனாலும் உன் அக்காவுக்குப் பத்தடி முன்னால் போகிறவன். கோயிலானாலும் கல்யாணமானாலும் அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்ததில்லை. குதிகால் வலி வந்த பிறகுதான் முதல் முறையாக ஏரிக்கரையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். ரிடையர் ஆன பிறகு பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன், எவ்வளவோ இருந்தது ஷ்யாம். உன் அம்மா கடைசி நாட்களில் என்ன சொன்னார் என்பதை ஏரியின் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்குச் சொன்னாள். "உங்க கால் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அங்கே தினமும் அவளே உட்காரவைப்பாள்.

போன மாசம் ஜென்சி மறுபடி படம் பிடித்துப் பார்த்தாள். உன் அக்கா அப்போது மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். "கால் சரியாயிடுச்சு அங்கிள். நீங்கதான் பழக்கத்துல இன்னும் நொண்டறீங்க. தைரியமா குதிகாலை ஊன்றி நடங்க" என்றாள். மறுநாள் ஏரிக்கரையில் ஊன்றினேன், வலியே இல்லை. ஜோராக ஐம்பது அடி போயிருப்பேன், உன் அக்கா சொல்லிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தாள், கூப்பிடக்கூட இல்லை, பழகிப்போனவள் மாதிரி வந்துகொண்டிருந்தாள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உடனே காலை இழுக்க ஆரம்பித்தேன். அவள் வந்து சேர்ந்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். அன்றிலிருந்து நொண்டுகிறேன்.

ஆகவே ஷ்யாம், உன் அக்காவின் வேண்டுதலை நிறுத்தியது என் குதிகால் இல்லை, என் சுயநலம். அவளை நீ கட்டாயம் அழைத்துப் போ. என் கால் குணமாகிவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்லாதே. நான் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள், எல்லாரும் நோய்நொடியின்றி நன்றாக நடமாட வேண்டும்.

இப்படிக்கு,
நொண்டாத உன் அத்திம்பேர்,
ஸ்ரீரங்கன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே. உன் வீட்டுப் பின்கோடு தெரியாமல் உன் அக்காவிடமே கேட்டேன், அத்தனை வருஷம் பூகோளம் நடத்தி என்ன பிரயோஜனம்! எதுக்கு என்றாள், கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன், வாங்கிப் படித்துவிட்டாள். "கால் சரியாயிடுத்துன்னு எனக்குப் போன மாசமே தெரியுமே. வெள்ளிக்கிழமை செருப்பைக் கழுவறது யாரு? நான் பாக்காதப்போ நேராத்தானே நடக்கறேள், ரெண்டும் ஒரே மாதிரின்னா தேயறது" என்றாள். பின்னே ஏன் சொல்லலை என்று கேட்டேன். "நீங்க நேரா நடந்தா நான் எப்படிக் கூட வர்றது? எனக்கு முழங்கால் வலி வந்து ரெண்டு வருஷமாறது. நொண்டறேளேன்னு பாவமா இருந்தாலும், எனக்கு சௌகரியமா இருந்தது" என்றாள். ரெண்டாவது பெஞ்சு யார் காலுக்கு என்று இப்போதுதான் புரிகிறது. குத்துக்காலிட்டுப் புள்ளி வைத்தவள் இப்போதெல்லாம் நின்றபடி குனிந்து வைப்பதையும் நூறு தடவை பார்த்திருக்கிறேன், என் குதிகாலைக் கவனிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். என்ன மனுஷன் நான்! படியேறுவது இந்தப் பங்குனியில் இல்லை. உன்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு என் காலைச் சாக்குச் சொன்னாளாம். நாங்கள் பஸ்ஸில் மேலே வந்து உங்களுக்காகக் காத்திருக்கிறோம். நாளைக்கு அவளை ஜென்சியிடம் அழைத்துப் போகிறேன். பயிற்சி கொடுத்தால் அவள் வாசல்படியில் நிற்கட்டும், புள்ளி நான் வைக்கிறேன். கோணலாகத்தான் வரும், அவள் சொல்கிற வேகத்தில் வைக்கிறேன்.