யானைத்தாங்கி செய்த தள்ளுவண்டி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நாளைக்கே பூகம்பம் வரட்டும். மாடி வீடுகள் விழலாம், மேம்பாலம்கூட விழலாம். யானைத்தாங்கி செய்து கொடுத்த துணி காயப்போடும் ஸ்டாண்டுகள் மட்டும் விழாது. மறுநாள் காலையில் ஜனங்கள் இடிபாடுகளுக்கு நடுவே போய் நிம்மதியாக ஈரத்துணியை உதறிப் போடலாம்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் ரோட்டில், நான் குடியிருந்த வாடகை வீட்டுக்கு எதிரே அவருடைய வெல்டிங் பட்டறை. யானைத்தாங்கி என்பது ஊர் வைத்த பெயர், சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். மற்ற பட்டறைக்காரர்கள் ஆங்கிள், ஸ்கொயர் டியூப் என்று மெல்லிசான இரும்பில் தொழில் செய்வார்கள். இவர் அதையெல்லாம் இரும்பு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். பாலத்துக்கும் ஆலைக்கும் போடுகிற ஐ பீம்தான் அவருக்கு இரும்பு. பிரித்துப்போட்ட பழைய ஆலைக் கொட்டகைகளிலிருந்து வாங்கிவந்து குவித்து வைத்திருப்பார். ஸ்டூல் கேட்டாலும் அதுதான், நாய்க்கூண்டு கேட்டாலும் அதுதான்.

மொட்டைமாடிக்குத் துணி ஸ்டாண்டு கேட்டு நானும் போனேன்.

“மேல எவ்ளோ வெயிட்டு வரும் சார்?”

“நாலு சட்டை, ரெண்டு வேட்டிங்க.”

“அது சரி. திடீர்னு ஒரு யானை வந்து சாஞ்சா?”

“மொட்டைமாடிக்கு யானை எப்படிங்க வரும்?”

“வராதுன்னு எழுதித் தருவீங்களா?”

எழுதித் தர எனக்குத் துணிச்சல் இல்லை. ஸ்டாண்டு வந்தது. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி மாடிக்கு ஏற்றினார்கள். வீட்டுக்காரர் கீழே நின்று தன் வீட்டை, ஊருக்குப் போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “ஸ்டாண்டு யானையத் தாங்கும். ஸ்டாண்டை எங்க வூடு தாங்குமா?” என்று கேட்டார். அன்று முதல் மாடிக்குப் போகும்போது நான் மெதுவாகத்தான் அடிவைத்தேன்.

திருமானூர்க்காரர் ஒருவர் மகளுக்குச் சீர் கொடுக்க ஒரு கட்டில் செய்யச் சொன்னார். கட்டில் டிராக்டரில் தா.பழூர் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். கோபித்துக்கொண்டு அந்தப் பெண் இரண்டு முறை பிறந்த வீட்டுக்கு வந்தாளாம். “சீரையெல்லாம் திருப்பி அனுப்பு” என்று யாராவது சொன்னால் உடனே எல்லோருக்கும் கட்டில் ஞாபகம் வந்துவிடும். சமாதானமாகப் போய்விடுவார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் தெரு செல்வியக்கா போய் இட்லிக்கடை போடத் தள்ளுவண்டி கேட்டது. அக்கா கல்லூரி விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்தது. சொந்தமாகப் பிழைக்க வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தது. வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. முதல் நாள் வியாபாரம் படுத்தால் மறுநாளே பழைய சமையற்கட்டில் போய் நிற்க வேண்டும் என்பது பேச்சு. தினமும் காலையில் வண்டியை பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் வியாபாரம் செய்வது அக்காவின் திட்டம்.

“ஒரு ஆளு தள்ளுற மாரி லேசாப் பண்ணுங்கண்ணே.”

“பண்ணிருவோம் தங்கச்சி. அடுப்பு, அண்டா, அப்புறம் ஒரு யானை. அவ்ளோதான?”

வெள்ளிக்கிழமை காலை பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். அக்கா வண்டியைத் தள்ளியது. வண்டி அசையவில்லை. நான் சேர்ந்தேன், பால்காரர் சேர்ந்தார், பஸ்ஸுக்கு நின்ற ரெண்டு பேர் சேர்ந்தார்கள். கடைசியில் தெருவே சேர்ந்து தள்ளியதில் வண்டி மெல்லக் கிளம்பியது. இறக்கம் வந்ததும் அதற்கு எங்கள் தயவு தேவைப்படவில்லை. தள்ளிக்கொண்டிருந்த நாங்கள் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தோம். கீழே சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிற இடம் ஒன்று இருந்தது. வண்டி நேராக அதன் இரும்பு மேடைமேல் ஏறியது. ஒரு சக்கரம் உடைந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

எடை போடுகிறவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“உள்ள என்ன லோடு?”

“ஒண்ணும் இல்லைங்க. இட்லி அடுப்பும் மாவு அண்டாவுந்தான்.”

அவர் எங்களையும் எடை காட்டும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “பொய் சொல்லாதீங்க” என்றார்.

கூடவே வந்திருந்த யானைத்தாங்கி குனிந்து நாலாபக்கமும் பார்த்துவிட்டு, “ஃபிரேம் ஒரு நூல் அசையல பாருங்க சார்” என்றார் பெருமையாக. “சக்கரம் கடையில வாங்குனது. அது நம்ம பொறுப்பில்ல.”

கிரேன் வந்தால்தான் வண்டி நகரும். கிரேன்காரர் கீழப்பழுவூரில் இருந்தார். பின்னால் லாரிகள் வரிசையாக வந்து நின்று ஹாரன் அடித்தன. பஸ் ஸ்டாண்டில் காலைக் கூட்டம் கலைகிற நேரம். செல்வியக்கா மாவு அண்டாவை மடியில் அணைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டது. “நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போயிடுறேன் சார். எனக்கு எதுக்கு இந்த ஆசையெல்லாம்” என்றது.

யானைத்தாங்கியின் முகத்திலிருந்து பெருமை வடிந்துவிட்டது.

“அடுப்பப் பத்த வை தங்கச்சி.”

“யாருக்குண்ணே?”

“எனக்குத்தான். அண்டா மாவும் எனக்கே. ஊத்து.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். முதல் ஈடு இறங்கியது. எடை மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது ஈடும் போனது. கண்ணில் தண்ணீர், நெற்றியில் வேர்வை. ஆனாலும் தட்டை நீட்டினார். செய்த தப்பையெல்லாம் தின்றே தீர்த்துவிடுவது என்ற முடிவில் இருந்தார்.

வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள் இறங்கிவந்து இந்தக் காட்சியைப் பார்த்தார்கள். ஒருத்தர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“இட்லி அவ்ளோ நல்லாருக்குங்களா?”

“பாத்தாத் தெரியலீங்களா?” என்றேன்.

அவர் ஒரு தட்டு கேட்டார். பக்கத்தில் நின்ற கிளீனர் இரண்டு கேட்டார். அதன்பிறகு ஹாரன் சத்தம் நின்றுவிட்டது. எடை போடுகிறவர் ஜன்னல் வழியாகவே தட்டு வாங்கிக்கொண்டார். கிரேன் வந்தபோது சட்னிகூட மிச்சமில்லை. கிரேன்காரர்தான் ஏமாந்துபோனார். எடை மேடை முதலாளி, “வண்டிய அப்படியே வேலியோரமா வச்சிருங்க. தெனம் இங்கயே போடுங்க” என்று சொல்லிவிட்டார்.

வண்டி இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. நான் பெரம்பலூருக்குக் குடிவந்துவிட்டேன். துணி ஸ்டாண்டு வரவில்லை, அது அந்த வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டது. போன மாதம் அரியலூர் பஸ்ஸில் போனபோது கண்டக்டர், “பீம் கடை எறங்கு” என்று குரல் கொடுத்தார். நானும் இறங்கினேன்.

மழைக்குக் கூரை போட யானைத்தாங்கி வெல்டிங் மெஷினோடு வந்திருந்தார். கூரைக்கும் பீம்தான். பிளாஸ்டிக் நாற்காலியை நம்பாமல் நின்றபடியே இட்லி சாப்பிட்டார். கை கழுவியவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“தங்கச்சி, மனசு கேக்கல. நீ அன்னிக்கு லேசாத்தான் கேட்ட. ஸ்கொயர் டியூப்லயே ஒண்ணு பண்ணித் தந்துடறேன். காசு வேணாம்.”

ஸ்கொயர் டியூப் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

அக்கா இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னது: “வேணாம்ணே. இத எவன் வந்தாலும் நகத்த முடியாது. இதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதாலதான் எனக்குப் பயமே இல்ல.”

அவர் வெல்டிங் கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மெஷின் ஓடவில்லை. இன்னொரு கண்ணாடி இருந்திருந்தால் நானும் வாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன்.