எட்டாவது வண்டியில் பிழையில்லை

மனைவி எந்தக் காரைக் காட்டினாலும் அதில் ஒரு பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்து, வாங்கும் பேச்சை அங்கேயே முடித்துவிடுவது என்று அவர் உறுதி பூண்டிருந்தார். அது அவருக்குப் பெரிய வேலையும் இல்லை. பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் பிழைதிருத்துபவர். பிழை பார்ப்பதே பிழைப்பு. யாராவது பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினால்கூட, முதலில் ஒற்றுப்பிழையைச் சொல்லிவிட்டுத்தான் நன்றி சொல்வார்.

உண்மைக் காரணம் வேறு. அவருக்குக் கார் ஓட்டப் பயம். இளவயதில், லைசென்ஸ் வாங்கிய கையோடு நண்பனின் காரை ரிவர்ஸ் எடுத்தார். கார் பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. ஒரு சலவைக் கடைக்குள் நுழைந்துதான் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பின்கண்ணாடி வைப்பரில் யாருடைய பேன்ட்டோ மாட்டிக்கொண்டு, இந்தக் காலும் அந்தக் காலுமாக வீசி வீசி நடந்த காட்சியை அவரால் மறக்க முடியவில்லை. அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கல்யாணமான பிறகு மனைவியிடம் மூச்சுவிடவும் இல்லை.

ஸ்கூட்டர் போதுமாகத்தான் இருந்தது, மகள் வளரும்வரை. நடுவில் உட்காரும் அவளுடைய ஹெல்மெட், ஒவ்வொரு பள்ளத்திலும் அப்பாவின் ஹெல்மெட்டை 'டொக்' என்று முட்டும். ஒரு மழைநாளில் வண்டி வழுக்கி மூவரும் சாலையோரச் சேற்றில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்காமலே மனைவி சொன்னாள்:

"கார் வாங்கறோம்."

"வாங்கலாம். ஆனா பாதுகாப்பானதா பார்த்து வாங்கணும்."

"சரி, நீங்களே பாருங்க."

சின்ன எஸ்யூவி போதும் என்று முடிவானது. அவள் மாதம் ஒன்றாகக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்.

"இது நல்லா இருக்குங்க."

"மோதல் சோதனையில ரெண்டே நட்சத்திரம்."

"இது?"

"நாலு. ஆனா பக்கத்துல இடிச்சா கதவு மடியில வந்து உட்காருது."

"இது அஞ்சு நட்சத்திரமாச்சே!"

"சோதிச்சது ஆறு ஏர்பேக் வெச்ச வண்டியை. நமக்குக் கட்டுப்படியாகறதுல ரெண்டுதான்."

"இது?"

"பிரேக் கோளாறுன்னு ரெண்டு தடவை திரும்பக் கூப்பிட்டுச் சரிபண்ணியிருக்காங்க."

"சரி, இது?"

"பெரியவங்களுக்கு அஞ்சு. பின்னாடி உட்கார்ற குழந்தைக்கு ரெண்டு. நம்ம பொண்ணு மேல உனக்கு அக்கறையே இல்லையா?"

இதைக் கேட்டு முடித்ததும் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"ஏங்க, நம்ம ஸ்கூட்டருக்கு எத்தனை நட்சத்திரம்?"

"அதுக்கெல்லாம் நட்சத்திரம் கிடையாதும்மா."

"விழுந்தப்போ எனக்குப் பட்டப்பகல்லயே தெரிஞ்சுதே!"

ஏழு வண்டிகள் இப்படி ஒழிந்தன. எட்டாவதில்தான் அவருக்கு வியர்த்தது. பெரியவர்களுக்கும் ஐந்து, குழந்தைகளுக்கும் ஐந்து. விலை குறைந்த மாடலிலும் ஆறு ஏர்பேக். வளைவில் சறுக்காமல் தடுக்கும் வசதியும் உண்டு. திரும்ப அழைத்த பேச்சே இல்லை. பின்சீட்டின் நடுவில் உட்காருபவருக்குத் தோள்வழி பெல்ட் இருக்காது என்று கடைசி நம்பிக்கையோடு தேடினார். இருந்தது. பாவிகள், அதையும் வைத்திருந்தார்கள்.

"இதுல ஒரு பெரிய குறை இருக்கு" என்றார் அன்று மாலை. "விளம்பரத்தாள்ல 'பாதுகாபு'ன்னு போட்டிருக்கான். எழுத்துலயே ஒரு 'ப்' குறையுது!"

"வண்டியில என்ன குறை?"

"வண்டியில... தேடிட்டிருக்கேன்."

"தேடினது போதும். சட்டையை மாத்துங்க, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

ஷோரூமில் டை கட்டிய விற்பனையாளர், சிரித்த முகத்தோடு சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். "ஓட்டிப் பாருங்க சார்."

"இடுப்புல ஒரு பிடிப்பு..." என்று இழுத்தார் அவர். "கழுத்தும் கொஞ்சம்..."

மனைவி சாவியை எடுத்துக்கொண்டாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி, பெல்ட்டை மாட்டினாள். பின்சீட்டில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணை மூடினார். திறந்தபோது, இரண்டு கார்களுக்கு நடுவே நின்ற வண்டி ரிவர்ஸில் வெளியே வந்து, எதையும் உரசாமல் பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்தது.

"நீ எப்போ கத்துக்கிட்டே?"

"நீங்க மூணாவது வண்டியில குறை தேடினப்போ சேர்ந்தேன். அஞ்சாவதுக்கு லைசென்ஸ் வந்துடுச்சு. மிச்சமெல்லாம் கை பழகறதுக்கு."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னா தேடறதை நிறுத்தியிருப்பீங்களே! குறை கண்டுபிடிக்க உங்களை விட்டா ஆளு யாரு? நீங்களே தேடித் தோத்துட்டீங்கன்னா அந்த வண்டி கெட்டி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஓட்ட... கொஞ்சம் தயக்கம்னு உனக்கு எப்படி..."

அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். "பயந்தவங்களைத் தினம் பார்க்கறேங்க. 'பல்லைப் பிடுங்கிக்கலாம், ஆனா முதல்ல அதைப் பத்திப் படிக்கணும்'பாங்க. அதுவும் போக, அந்தப் பேன்ட் எங்க அண்ணனோடது."

முன்சீட்டில் இருந்த விற்பனையாளர் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்தார்.

அவமானமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது அவருக்கு. இனி ஓட்டச் சொல்ல மாட்டார்கள். ஒளிய வேண்டாம். இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். மகள் பெல்ட் போட்டுக்கொண்டு, ஹெல்மெட் இல்லாத தலையை அவர் தோளில் சாய்த்திருந்தாள். பள்ளம் வந்தது, எதுவும் முட்டவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று, எதிர்வீட்டு மாடியிலிருந்து மாமி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "அடேயப்பா, புது வண்டியா! யார் தேர்ந்தெடுத்தது?"

அவர் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "எட்டு வண்டியை அலசி ஆராய்ஞ்சேங்க. மோதல் சோதனைன்னா சும்மா இல்லை. முதல்ல நாம என்ன பார்க்கணும்னா..."

முன்னாலிருந்து ஹாரன் செல்லமாக ஒருமுறை ஒலித்தது.

"ஏங்க, அதை அப்புறம் சொல்லலாம். இறங்கி கேட்டைத் திறங்க."